கீபோர்டின் வலது பாதி

எடை அளவு ஆய்வாளராக முப்பத்துநான்கு ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வுபெற்ற உன் தகப்பன், கம்ப்யூட்டரின் கெர்னல் என்னும் உள்ளறைக்குள் போய்க் கீபோர்டும் மவுஸும் சொல்வதை உள்ளே கொண்டுசேர்க்கும் டிரைவர் என்ற நிரலை எழுதிக்கொடுக்கும் உத்தியோகத்தில் இருக்கும் தன் ஒரே மகனுக்கு, உண்ட உணவு செரித்து, படுத்தவுடன் உறக்கம் வந்து, மேலதிகாரியின் நன்மதிப்புடன் நெடுநாள் வாழ வேண்டும் என்ற ஆசிகளுடன் எழுதிக்கொள்வது.

பொருள்: வீட்டுக் கீபோர்டு எழுத்துகளை இரட்டிப்பது, குற்றம் கருவியின் மீதா, கையின் மீதா என்பது தொடர்பாக.

பார்வை: 1. சென்ற மாதம் முதல் ஞாயிறன்று நீ தொலைபேசியில் சொன்ன ஒரு வார்த்தை. 2. அன்று முதல் உன் அம்மாவின் முகம்.

இங்கு நான் நலம். இதை வழக்கமான உபசார வார்த்தையாக எண்ணித் தாண்டிப்போகாமல் இரண்டு முறை வாசிக்கவும். உன் அம்மாவும் நலம். கூடத்து மின்விசிறி மட்டும் கொஞ்சம் ஆடுகிறது, அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. நீ, மருமகள், பேத்தி மூவரும் நலமென நம்புகிறேன். பேத்திக்கு முன்பல் விழுந்த படம் வந்து சேர்ந்தது. அந்த ஓட்டை வழியாக அவள் நாக்கை நீட்டியிருப்பதைப் பார்த்து உன் அம்மா ஒரு மணி நேரம் சிரித்தாள். நிற்க.

விஷயத்துக்கு வருகிறேன். ஏறத்தாழ ஐந்து மாதமாக நம் வீட்டுக் கீபோர்டு எழுத்துகளை இரட்டித்துக்கொண்டிருக்கிறது. தமிழ்க் கீபோர்டில் உயிரெழுத்தெல்லாம் இடக்கைப் பக்கம், மெய்யெழுத்தில் பெரும்பாலானவை வலக்கைப் பக்கம், ஒரே மெய்யை அடுத்தடுத்து இரண்டு தரம் தட்டினால் அது தானே புள்ளி வைத்துக்கொள்ளும் என்பதெல்லாம் உனக்குத் தெரியாததல்ல. நான் ஒரு தரம் தட்டினால் இது இரண்டு தரம் தட்டியதாக எடுத்துக்கொள்கிறது. உன் மாமனாருக்கு "உங்கள் மகள் நலம்" என்று அனுப்பினேன். "உங்கள் மக்கள் நலம்" என்று போய்ச் சேர்ந்தது. அந்த மனிதர் உடனே கூப்பிட்டு, "என்ன சம்பந்தி, தேர்தல்ல நிக்கப் போறீங்களா?" என்று கேட்டார். பேத்திக்கு "படம் அருமை" என்று எழுதினால் அது "பட்டம் அருமை" ஆகி, அவள் "தாத்தா, நான் பட்டமே விடலையே" என்று அழாத குறையாகக் கேட்டாள். ஒரு குழந்தையிடம் பொய்யனாக்கப்பட்டேன். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இரட்டிப்பது வலது பாதி மட்டும். இடது பாதியில் ஒரு பிசகும் இல்லை. நான் ஒரு தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு விசையையும் ஐம்பது முறை தட்டி எழுதி வைத்திருக்கிறேன். சரியாக வலது பாதி மட்டும் கெட்டுப்போகும்படி ஒரு கருவியைச் செய்து விற்பதற்கு எவ்வளவு அலட்சியம் வேண்டும் என்று எண்ணிப் பார்.

இதற்கு உடந்தை மவுஸ். நீ கூப்பிடும்போது திரையில் பச்சைப் பொத்தான் வருகிறது. அதை ஒரு தரம் அமுக்கினால் நீ வருகிறாய். நீ வந்த மறுகணம் அதே இடத்தில் சிவப்புப் பொத்தான் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மவுஸ் என் ஒரு அமுக்கலை இரண்டாக எண்ணி, உன்னை எடுத்த கையோடு உன்னைத் துண்டித்தும் விடுகிறது. உன் முகம் கண்ணிமைக்கும் நேரம் தெரியும், "அப்..." என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். இப்படி ஒரு தரம் இரண்டு தரம் இல்லை, மூன்று மாதம். நீ மருமகளிடம், "அப்பாவுக்கு என்மேல என்ன கோபம்னே தெரியல, எடுத்து எடுத்து கட் பண்றார்" என்று சொன்னாயாம். அவள் உன் அம்மாவிடம் சொல்ல, உன் அம்மா என்னிடம் கேட்க, நான் "ஆமாம், கோபம்தான்" என்று சொல்லிவிட்டேன். கோபக்காரன் என்ற பெயர் எனக்குப் புதிதல்ல, இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் கனக்கப்போவதில்லை.

இந்த நிலையில்தான் நீ உன் அம்மாவின் போனில் கூப்பிட்டு, அவள் அதை ஸ்பீக்கரில் போட்டுக் கூடத்து நடுவில் வைக்க, "அப்பா, கீபோர்ட விடுங்க. அது பண்ற வேலையா தெரியல. ஒரு டாக்டர்கிட்ட கையக் காட்டுங்க" என்றாய். டிரைவர் நீ எழுதுவது. அதனால் உன் டிரைவர் உத்தமன், உன் அப்பன் கை அயோக்கியன். பேசினால் விபரீதமாகும் என்று எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். திரும்பி வந்து ஒரே வார்த்தை சொன்னேன், ஞாபகம் இருக்கும்: "ஆய்வு பண்ணுவோம். கருவி சுத்தம்னு தெரிஞ்சா நானே டாக்டர்கிட்ட வரேன். கருவிதான் குற்றவாளின்னா, டாக்டர்ங்கிற பேச்சை நீ இனிமே எடுக்கக் கூடாது." நீ சரி என்றாய். உன் அம்மா சரி என்று சொல்லாமல், அடுத்த நாளே போய் நரம்பு டாக்டரிடம் அடுத்த மாதத்துக்கு நேரம் வாங்கி, "திங்கள், காலை பத்து மணி" என்று எழுதிய சீட்டைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டாள். பால் எடுக்கப் போனால் திங்கட்கிழமை. தண்ணீர் எடுக்கப் போனால் திங்கட்கிழமை.

எங்கள் இலாகாவில் ஒரு வரிசை உண்டு, அதை மாற்ற யாருக்கும் அதிகாரம் கிடையாது. முதலில் தராசு. அடுத்தது படிக்கல். கடைசியில் கை. ஒரு கடையில் எடை குறைகிறதென்றால், எடுத்த எடுப்பில் கடைக்காரன் கையைப் பிடிக்கக் கூடாது. தராசை மாற்றிப் பார்க்க வேண்டும், படிக்கல்லை மாற்றிப் பார்க்க வேண்டும், இரண்டும் சுத்தம் என்றால்தான் தட்டில் விரல் வைக்கிறானா என்று கையைப் பார்க்க வேண்டும். இந்த வரிசையில் ஒரு பழக்காரரையும் ஆய்வு செய்திருக்கிறேன். கையில் தூக்கிப் பிடிக்கிற தராசு. முள் ஒரு இடத்தில் நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். சனங்கள் புகார் எழுதிவிட்டார்கள். தராசை வாங்கி என் கையில் பிடித்தேன், முள் நின்றது. படிக்கல்லை மாற்றினேன், சுத்தம். அந்த மனிதர் என் பின்னாலேயே வந்து, "ஐயா, தராசு பழசுங்க, அதான் ஆடுது. தராசுலதான் கோளாறுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க" என்று கெஞ்சினார். நான் எழுதவில்லை. "தராசு சுத்தமா இருக்கு. போய்க் கையக் காட்டுங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு வந்துவிட்டேன். பொய்யாக ஒரு வரி எழுதாதவன் நான் என்பதற்காகச் சொன்னேன், வேறு காரணமில்லை.

ஆக, முதலில் தராசு, அதாவது கீபோர்டு. மாடி வீட்டுப் பல் டாக்டரம்மாவிடம் ஒன்று, தெருமுனை நகல் கடையில் ஒன்று, ஆக இரண்டு இரவல் வாங்கினேன். இரண்டிலும் வலது பாதி இரட்டித்தது. மொத்தம் மூன்று கீபோர்டு, மூன்றும் பழுது. முறைப்படி இரவல் இரண்டுக்கும் வெள்ளைத் தாள் சுற்றி, "பயன்படுத்தத் தகுதியற்றது" என்று எழுதி, ஒட்டி, தேதி போட்டு முத்திரை வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். நகல் கடைக்காரர் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பல் டாக்டரம்மாதான் படியிறங்கி வந்துவிட்டார்.

"என்ன சார் இது, என் கீபோர்டுக்கு சீல் வச்சிருக்கீங்க?"

"தகுதி இல்லைன்னு தெரிஞ்சா முத்திரை வைக்கறது முறைம்மா."

"இதுல இன்னிக்குக் காலைலகூட ஆறு பேருக்கு நேரம் குடுத்து அடிச்சேனே, ஒண்ணும் தப்பா வரலையே."

"அந்த ஆறு பேரையும் கூப்பிட்டு விசாரிங்க."

அந்தம்மா என் முகத்திலிருந்து பார்வையை இறக்கி என் வலக்கையைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "சார், கைய ஒரு நிமிஷம் நீட்டுங்களேன்" என்றார். "நீங்க பல்லுக்குத்தான் டாக்டர். பார்க்கணும்னா வாயைப் பாருங்க" என்று வாயைத் திறந்து காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "மேல் கடைவாய்ப் பல்லுல சொத்தை இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். வேலியிலே போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்டேன் என்று உன் அம்மா சொன்னாள்.

அடுத்தது படிக்கல், அதாவது உன் டிரைவர். நீ புதிதாக எழுதிய டிரைவரையும், அதை ஏற்றும் முறையை ஒரு தாளில் எழுதியும் அனுப்பியிருந்தாய். அந்தத் தாளில் நீ செய்த பிழையை இங்கே பதிவு செய்கிறேன். "பழைய டிரைவரை இறக்கு, புது டிரைவரை ஏற்று. இரண்டையும் ஒரே வரியில் அடித்து ஒரே தரம் என்டர் தட்டுங்கள்" என்று எழுதியிருந்தாய். ஏன் ஒரே வரியில் என்பதற்குக் காரணம் எழுதவில்லை. காரணம் எழுதாத உத்தரவை நான் பணியில் இருந்தபோதே மதித்ததில்லை. ஒரு தராசை இறக்கி, மேடையைத் துடைத்து, அது காய்ந்த பிறகுதான் அடுத்த தராசை ஏற்றுவேன். ஒரு நேரத்தில் ஒரு காரியம். எனவே "பழையதை இறக்கு" என்பதை மட்டும் அடித்து, வலது பாதியோடு ஏழெட்டு முறை மல்லுக்கட்டிச் சரியாக்கி, என்டர் தட்டினேன். இறங்கிவிட்டது. பிறகு "புதியதை ஏற்று" என்று அடிக்கப்போனால் ஒரு எழுத்தும் விழவில்லை. எப்படி விழும்? நான் அடிப்பதைக் கேட்டு உள்ளே போய்ச் சொல்கிறவனைத்தான் நான் இறக்கி வெளியே அனுப்பிவிட்டேனே! ஏற்று என்று சொல்ல வேண்டும், சொல்ல ஆள் இல்லை. ஆள் வேண்டுமென்றால் ஏற்ற வேண்டும். தவளை தன் வாயால் கெடும், நான் என் என்டரால் கெட்டேன்.

இரவல் கீபோர்டுகளை மறுபடி போய்க் கேட்டு, முத்திரையை நானே பிய்த்து, ஒவ்வொன்றாகச் செருகினேன். எல்லாம் ஊமை. மவுஸுக்குத் தனி டிரைவர் என்பதால் அம்பு மட்டும் திரையில் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கலாம், ஒன்றையும் சொல்ல முடியாது. இரண்டு நாள் அப்படி எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன் மகனே. உள்ளே எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, எழுதி வைத்ததெல்லாம் பத்திரமாக இருக்கிறது, உன் படம், பேத்தி படம், எல்லாம் இருக்கிறது. வெளியிலிருந்து ஒரு வார்த்தை உள்ளே போக வழியில்லை, அவ்வளவுதான். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் உன் அம்மா இஸ்திரிப் பெட்டியோடு வந்து, "துணி தேய்க்கணும், பிளக் வேணும்" என்று கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். நான் போட்ட கூச்சலில் மின்விசிறிகூட நின்றிருக்கும். அவள் நிதானமாகச் சட்டையைத் தேய்த்து முடித்து மறுபடி செருகினாள். கம்ப்யூட்டர் புதிதாக எழுந்து, பழைய டிரைவரைத் தானே கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. "அணைச்சுப் போட்டா சரியாப் போச்சு, இதுக்கா ரெண்டு நாள் சோறு இறங்கல?" என்றாள். முப்பத்தெட்டு வருடமாக இவளோடு எப்படிக் காலம் தள்ளுகிறேன் என்று நீயே சொல்.

இரண்டாம் முறை அவளையே அடிக்கச் சொன்னேன். பள்ளி நூலகத்தில் அட்டை அட்டையாக அடித்துத் தள்ளியவள்தானே. நான் தாளைப் பார்த்துப் படித்தேன், அவள் இரண்டு உத்தரவையும் ஒரே வரியில் அடித்து, ஒரே தரம் தட்டினாள். பழையது இறங்கிப் புதியது ஏறியது. சோதிக்க "மகள் நலம்" என்று அடித்தாள், மகள் மகளாகவே வந்தாள். நான் அடித்தேன். மக்கள். அவள் மறுபடி அடித்தாள். மகள். நான் மறுபடி. மக்கள். இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அவள், "அடுப்புல பால் வச்சேன்" என்று எழுந்து போய்விட்டாள். அடுப்பில் பால் இல்லை, எனக்குத் தெரியும். இந்தச் சோதனையை நான் ஆய்வுக் குறிப்பேட்டில் ஏற்றவில்லை. பேனா எழுதவில்லை என்பது காரணம். பேனா எழுதாததால் ஒரு சோதனையை எழுதாமல் விட்டது என் வாழ்நாளில் இதுவே முதல் தடவை.

உன் தாளின் அடியில் ஒரு எண்ணைப் பற்றியும் எழுதியிருந்தாய். டிரைவரின் அமைப்புக் கோப்பில் ஓர் எண் இருக்கிறது. அது பூஜ்யம் என்றால், தட்டியதெல்லாம் தட்டியபடி போகும். எண்பது என்றால், ஒரு வினாடியை ஆயிரமாக நறுக்கி, அதில் எண்பது துண்டு ஆவதற்குள் அதே விசை மறுபடி பட்டால், அந்த இரண்டாவதை டிரைவரே விழுங்கிவிட்டு, எத்தனை விழுங்கினோம் என்று எண்ணியும் வைத்துக்கொள்ளும். மனுஷன் வேண்டுமென்றே இரண்டு தரம் தட்ட அதைவிட நேரமாகும், ஆகையால் நியாயமான இரட்டிப்புக்குச் சேதமில்லை. எல்லாம் சரி. நான் பூஜ்யம் வைத்தேன். உன் அம்மா, "எண்பது போட்டாத்தான் என்ன?" என்றாள். "அதுக்குப் பேர் தராசுத் தட்டுல விரல் வைக்கறது. ஆய்வு நடக்கும்போது சாட்சிய முழுங்கற டிரைவர் எனக்கு வேண்டாம்" என்றேன். அவள் அதற்குமேல் பேசவில்லை. நூலகத்தில் இருந்தவள், பேசாமல் இருப்பதில் அவளுக்கு அனுபவம் அதிகம்.

இப்போது கேள், முக்கியமான கட்டம். வியாழக்கிழமை மாலை நடைப்பயிற்சி போய்விட்டு ஐந்து மணிக்கு வந்து உட்கார்ந்து "மகள்" என்று அடித்தேன். மகள்! மறுபடி அடித்தேன். மகள்! படம், குடை, கடை, மடல், எது அடித்தாலும் ஒற்றையாக வந்து நிற்கிறது. எனக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. எழுந்து ஒரு தரம் கூடத்தைச் சுற்றி வந்து மறுபடி உட்கார்ந்து அடித்தேன். "ஏய், இங்க வா, வா" என்று கத்தினேன். உன் அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்து, "அட, சரியா வருதே" என்றாள். புதுத் தராசைக் கொண்டுவந்து வைத்தால் முதல் இரண்டு நாள் முள் அலையும், பிறகு தானே படியும், அப்படி உன் டிரைவரும் படிந்துவிட்டது என்று விளக்கினேன். "இருக்கும் இருக்கும்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. வெங்காயம் நறுக்கினாளாம்.

எனவே தீர்ப்பு. பழைய டிரைவர் இருந்தபோது இரட்டித்தது. புது டிரைவர் படிந்ததும் நின்றது. தராசு, படிக்கல் என்ற வரிசையில் படிக்கல்லிலேயே குற்றம் அகப்பட்டுவிட்டதால், கையை ஆய்வு செய்யும் அவசியம் எழவில்லை. மவுஸ் இன்னும் இரண்டு தரம் அமுக்கிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் அதற்குத் தனி டிரைவர், அது தனி வழக்கு. இந்தக் கடிதமே சாட்சி. இத்தனை பக்கம் என் வலக்கையால் அடித்திருக்கிறேன், எங்கேயாவது ஓர் எழுத்து அநாவசியமாக இரட்டித்திருந்தால் சிவப்பு மையால் சுழித்து எனக்குத் திருப்பி அனுப்பு. உன் அம்மாவும் இதுவரை அடித்தது முழுவதும் படித்துவிட்டாள். "நல்லா இருக்கு. ஒரு எழுத்துகூட ரெண்டு தடவை வரல" என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போனாள். ஆகவே திங்கட்கிழமைச் சீட்டைக் கிழிக்கச் சொல்லிவிட்டேன். உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. "குற்றம் டிரைவரில்தான்" என்று ஒரு வரி, உன் கைப்பட எழுதி அனுப்பு. ஒரே ஒரு வரி. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் சீட்டு இருந்த இடத்தில் ஒட்டிக்கொள்கிறேன்.

மருமகளுக்கு எங்கள் அன்பு. பேத்திக்குப் புதுப் பல் முளைக்கும் வரை யாரும் அவளைக் கேலி செய்யாமல் பார்த்துக்கொள். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, முதுகு வளையாமல் உட்கார்ந்து வேலை செய்து, எல்லா நன்மையும் பெற்று வாழ்க.

இப்படிக்கு,
உன்னை மன்னிக்கத் தயாராக இருக்கும்
அப்பா

பி.கு.: மக்கனே, இந்தப் பக்கத்தில் எழுத்துகள் இரட்டித்தால் பயப்படாதே. எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் அட்டிக்கிறேன். உன் அம்மா இந்தப் பக்கத்தைப் ப்பார்க்கவில்லை, ப்பார்க்கவும் மாட்டாள், ந்நானே தபாலில் சேர்க்கிறேன்.

ஆய்வு முடிந்து கிளம்பும்முன் முத்திரையை ஒருதரம் தொட்டுப் பார்ப்பது என்ன் வழக்கம். கடிதத்தை முடித்துவிட்டு அமைப்புக் கோப்பைத் திறந்தேன். நான் வைத்த பூஜ்யம் அங்கே இல்லை. எண்பது இருந்தது. மாற்றிய நேரம், வியாழன் மாலை நாலு மண்ணி பத்து நிமிடம். அப்போது நான் நடந்துகொண்டிருந்தேன். நீ ப்போனில் சொல்லச் சொல்ல அவள் அடித்திருப்பாள் என்று ந்நினைக்கிறேன். மவுஸுக்குப் போட இரண்டு பேருமே மறந்துவிட்டீர்கள். டிரைவர் விழுங்கியதை எண்ணி வைத்திருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதையும் பார்த்தேன். மேலே இருக்கிற இந்தக் கடிதத்தில் மட்டும் முந்நூற்றுப் பதினேழு.

மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டிருப்பேன். ஆனால் எங்கள் இலாகாவில் எழுதினதை அழிக்கக் கூடாது, தவறு இருந்தால் க்கீழே திருத்தம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதன்படி திருத்தம்: கீபோர்டு சுத்தம். டிரைவர் சுத்தம். உன்ன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அந்தப் பழக்காரர் ஏன் ஒரு வரி எழுதித் தரக் க்கேட்டார் என்று இத்தனை வருஷம் கழித்து இன்றைக்குத்தான் புரிகிறது. ஒரு வரிதானேடா, எழுதிக் கொடுத்துவிட்டு, அப்புறம் தனியாகக் கூப்பிட்டு டாக்டரிடம் போகச் ச்சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. எனக்காக உன் அம்மா தட்டில் விரல் வைத்திருக்கிறாள். முப்பத்துநான்கு வருஷம் நான் பிடித்துக் கொடுத்த க்குற்றம் அது. அவளைப் பிடித்துக் கொடுக்க மனசு வரவில்லை.

சீட்டைக் கிழித்தாயா என்று கேட்டேன். கிழித்துவிட்டேன் என்றாள். குளிர்சாதனப் பெட்டியின் பின்ன்பக்கம் ஒட்டியிருக்கிறாள், இப்போது எட்டிப் பார்த்தேன். திங்கட்கிழமை பத்து மணிக்கு அவள் கூப்பிடுவதற்கு முன்னால் நானே சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பேன். பயமாகத்தான்ன் இருக்கிறது. இதை அவளிடம் சொல்ல முடியாது, அதனால் உன்னிடம் சொல்கிறேன். தபாலில் போட்டுவிட்டு வந்ததும் எண்ணை மறுபடி எண்பதாக்கி வைத்துவிடுவேன், நான் பார்த்தது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடு. எடுத்தவுடன் துண்டித்துப் ப்போனால் அது கோபம் இல்லைடா, என் கை. விடாமல் மறுபடி க்கூப்பிடு.